கடைமடைக்கு வராத விளம்பரம்

வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்களைப் பற்றித் தலையங்கம் எழுதப்போகிறேன் என்றதும் குழுவில் ஒரு தோழர் சிரித்துவிட்டார். "பஞ்சமி நெலம் கெடக்கு, வன்கொடுமைக் கேசு கெடக்கு, நீரு என்னன்னா செல்போன்ல வார வெளம்பரத்தத் தூக்கிக்கிட்டு வாரீரு" என்றார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விளம்பரத்தை நான் வெறும் வியாபாரச் சங்கதியாகப் பார்க்கவில்லை. உழைப்பை விலைக்குக் கேட்கிறவன் எந்தத் தெருவைப் பார்த்துக் கேட்கிறான், எந்தத் தெருமுனையில் குரலை நிறுத்திக்கொள்கிறான் என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி அது. நிலத்துக்குப் பட்டா மாதிரி வேலைக்கு விளம்பரம். இரண்டையும் நமக்கு எழுதித் தராமல்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

புன்னக்காயலை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியின் கடைசி ஊர். பொதிகையில் கிளம்பிய தண்ணி பாபநாசம், சேரன்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் எல்லாம் தாண்டி இங்கேதான் கடலில் விழுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் அண்டிரிக் பாதிரியார் இருந்து தமிழ் நூலை அச்சேற்றிய ஊர் என்று அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் இதன் பெயரைச் சொல்வார்கள். இன்றும் மீனவர் ஊர். கடல் வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. அப்பன் ஏறிய வள்ளத்தில் மகன் ஏறுகிறான். ஊரைத் தாண்டி ஆத்தூர், முக்காணி, பழையகாயல் என்று உள்ளே வந்தால் வாழைத் தோட்டம், வெத்திலைக் கொடிக்கால், உப்பளம். அங்கே கூலிக்கு நிற்கிறவர்களில் நம்ம சனம் ஏராளம். அதற்கும் விளம்பரம் இல்லை. விடியக்காலையில் ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் இல்லை. இன்ன சாதிக்கு இன்ன வேலை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட சமூகத்தில் ஆளெடுப்புக்கு விளம்பரம் எதற்கு?

விவசாயம் தெரிந்த தோழர்களுக்குத் தலைமடை, கடைமடை என்று சொன்னால் போதும். வாய்க்காலில் தண்ணி திறந்தால் தலைமடைக்காரன் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்கு ஈரம் வரும். வேலைச் செய்தியும் அப்படித்தான் இறங்கி வருகிறது. நல்ல வேலை மேலேயே மடை மாறிவிடுகிறது. கடைமடை வரை தப்பாமல் வந்து சேர்வது வேறு சரக்கு.

அந்தச் சரக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி நேராகச் சேரிக்குத்தான் வந்தான். அங்கே போனவன் கையில் 'துண்டு' என்று ஒரு சீட்டு. அவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கும். அதை அடைக்கும் தோட்டத்துக்கே அவன் போக முடியும். நம் பாட்டன்மாருக்குக் கிடைத்த வேலைச் சீட்டு அப்படிப்பட்டது. பிறகு பஞ்சாலைக்காரர்கள் வந்தார்கள். 'சுமங்கலித் திட்டம்', 'திருமண உதவித் திட்டம்' என்று அழகழகான பெயரில் நோட்டீசு. மூன்று வருசம் மில்லில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் வரும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்களுக்கு நம் தென்மாவட்டங்களிலிருந்து வயசுக்கு வந்தும் வராத பிள்ளைகள் வண்டி ஏறின. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் 2011இல் இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டன. போன பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித்துகள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. இப்போது நோட்டீசு செல்போனுக்குள் வந்துவிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கியவர்களில் 13 தமிழர்கள் 2022 அக்டோபர் 5 அன்று மீட்கப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கினார்கள். இந்த மாதிரி விளம்பரத்துக்கு மட்டும் எந்தத் தெருவும் தூரமில்லை.

நாமாகத் தேடிப் போய் நல்ல வேலை பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொடியங்குளம் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் நிமிர்ந்த ஊர் அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஊருக்குள் புகுந்த போலீஸ் டி.வி.யை உடைத்தது, தையல் மெசினை உடைத்தது, தானியத்தைக் கொட்டியது. அதோடு நிற்கவில்லை. பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் தேடி எடுத்துத் தீ வைத்தது. எதை எரித்தால் இவன் மறுபடி கூலிக்கு வந்து நிற்பான் என்று அந்தக் காக்கிச் சட்டைகளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உலக நிலவரத்துக்கு வருகிறேன். நவுக்ரி தளம் இந்தியாவில் 1997இல் வந்தது, லிங்க்ட்இன் 2003இல். வேலை விளம்பரம் மெல்ல மெல்லச் செய்தித்தாளை விட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்டீட் என்ற அமெரிக்கத் தளம் 2020 பிப்ரவரி 1 அன்று இருந்த விளம்பர அளவை நூறு என்று வைத்துக்கொண்டு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரான்சு முதலான நாடுகளின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு வருகிறது. கொரோனா முடக்கத்தில் எல்லா நாட்டிலும் அது சரிந்தது. பிறகு ஏறத் தொடங்கி, அமெரிக்காவில் 2022இல் நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. அதற்கப்புறம் இறக்கம்தான். 2025இல் அமெரிக்கா பழைய நூறின் பக்கத்திலேயே வந்து நிற்க, பிரிட்டன் அதற்கும் கீழே போய்விட்டது. அமெரிக்காவின் மென்பொருள் வேலை விளம்பரங்கள் கொரோனாவுக்கு முந்தைய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிட்டன. அங்கே சுருங்கினால் சென்னையில் சுருங்குகிறது. சென்னையில் சுருங்கினால் நெல்லைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் உதவித்தொகையில் படித்து முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் உட்காருகிறான். பொருளாதாரப் பத்திரிகைகள் இந்தக் கோட்டைப் போட்டுவிட்டு ஏறியது, இறங்கியது என்று முடித்துவிடும். ஏறும்போது யாருக்கு ஏறியது, இறங்கும்போது யார் முதலில் கழன்று விழுந்தார்கள் என்ற கேள்வி அந்தக் கோட்டில் கிடையாது. இத்தனைக்கும் அது விளம்பரங்களின் எண்ணிக்கை. வேலைகளின் எண்ணிக்கைகூட இல்லை.

ஆத்தூர்ப் பக்கம் பொறியியல் முடித்த தம்பி ஒருவன் செல்போனைக் காட்டிச் சொன்னான்: "அண்ணே, இருநூறு எடத்துக்கு அமுக்கிட்டேன். பாத்தாச்சுன்னு காட்டுது. கூப்புடத்தான் நாதி இல்ல." நம் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி வாலை ஒட்டுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நல்ல விசயம்தான். ஆனால் அந்தத் தம்பியின் விண்ணப்பத்தைப் பாருங்கள். விலாசத்தில் 'காலனி'. படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. தங்கியது ஆதிதிராவிடர் நல விடுதி. வாலே தேவையில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இவன் ஏற்கெனவே அனுப்பிவிட்ட இருநூறு விண்ணப்பத்திலிருந்து அதை யார் நீக்குவது?

இது அவனுடைய மனப்பிரமை என்று சொல்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காகத் தனியார் நிறுவனங்களின் 548 செய்தித்தாள் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. அது வடக்கத்திச் சங்கதி, பெரியார் மண்ணில் நடக்காது என்பீர்களா? சாரா சித்திக் என்ற பொருளியலாளர் இதே சோதனையைச் சென்னையில் செய்து 2011இல் வெளியிட்டார். உயர்சாதிக்காரனுக்கு வரும் அதே எண்ணிக்கை அழைப்பைப் பெறத் தாழ்த்தப்பட்டவன் இருபது சதவீதம் கூடுதலாக விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. ஆளெடுக்க உட்கார்ந்திருப்பவர் ஆணாகவோ இந்துவாகவோ இருந்தால் இடைவெளி இன்னும் பெரிதானது. சிறிய நிறுவனங்கள் உயர்சாதிப் பக்கம் சாய்ந்தன, பெரிய நிறுவனங்கள் தாழ்த்தப்பட்டவர்களைக் கூப்பிட்டன என்றும் அதில் இருக்கிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: தில்லிப் பகுதியில் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் செய்து 2009இல் வந்த ஆய்வு, மென்பொருள் வேலைகளில் அப்படிப்பட்ட வேறுபாட்டைக் காணவில்லை. அது மென்பொருள்காரர்கள் ஆள் கிடைக்காமல் அலைந்த காலம். பந்தியில் இலை மிச்சமிருக்கும்போது யாரையும் எழுப்பிவிட மாட்டார்கள். இலை குறையும்போதுதான் பார்க்க வேண்டும், இப்போது குறைகிறது. இது என் கருத்து; மறுக்கிறவர்கள் எழுதலாம்.

விளம்பரத்தை எல்லோருக்கும்தானே போடுகிறோம் என்பது இணைய முதலாளிகளின் பேச்சு. அமெரிக்காவில் பேஸ்புக் நிறுவனத்தின் மீது குடிமை உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டு, வேலை, வீடு, கடன் விளம்பரங்களில் வயசு, ஆண் பெண், அஞ்சல் எண் பார்த்து ஆளைக் கழிக்கும் வசதியை நீக்குவதாக 2019 மார்ச்சில் அதை ஒப்புக்கொள்ள வைத்தன. அதே ஆண்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். யாரையும் கழிக்காமல், எல்லோருக்கும் என்று கொடுத்த விளம்பரத்தையே அந்த எந்திரம் தானாகப் பிரித்துக்கொண்டு போனது. அங்காடிக் காசாளர் வேலை பெரும்பாலும் பெண்களின் கண்ணில் பட்டது, டாக்சி வேலை கறுப்பர்களின் கண்ணில், மரவேலை வெள்ளை ஆண்களின் கண்ணில். எந்திரத்துக்கு மனுவை யாரும் ஓதிக்கொடுக்கவில்லை. நேற்று எவன் எங்கே நின்றானோ அவனை நாளைக்கும் அங்கேயே நிறுத்துவது அதற்கு லாபமாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊரில் அது எந்தத் தெருவுக்கு எதைக் காட்டுகிறது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் அதைக் கேட்பதில்லை.

பச்சையாக எழுதப்படும் விளம்பரத்தோடு சண்டை போடலாம். 2019 நவம்பரில் ரயில் உணவு ஒப்பந்த நிறுவனம் ஒன்று, அகர்வால் வைசிய சமூகத்து ஆண்கள் தேவை என்று பத்திரிகையில் போட்டது. கூச்சல் எழுந்தது, ஐ.ஆர்.சி.டி.சி. தலையிட்டது. பாகிஸ்தானில் துப்புரவு வேலைக்கு 'முஸ்லிம் அல்லாதவர் மட்டும்' என்று அரசு அலுவலகங்களே விளம்பரம் கொடுத்து வந்தன. அங்கே அதற்குப் பொருள், நம் சேரிகளின் சொந்தக்காரர்களான கிறித்தவர்கள். எனக்குப் பிடித்த விளம்பரம் 2016இல் அகமதாபாத்தில் வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் துப்புரவு வேலைக்கு ஆள் கேட்டது. பிராமணர், சத்திரியர், பனியா, பட்டேல், சமணர், சையது, பார்சி முதலானோருக்கு முன்னுரிமை என்று போட்டது. வந்தது பார் கோபம்! அலுவலகத்தின் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. தலைமுறை தலைமுறையாக நம்மைப் பார்த்து நீட்டிய விளம்பரம் ஒரே ஒரு நாள் எதிர்ப்பக்கம் திரும்பியதை அவர்களால் தாங்க முடியவில்லை.

பச்சையாக எழுதுகிறவன் முட்டாள். கெட்டிக்காரன் எழுத்தை அழித்துவிட்டு வழக்கத்தை வைத்துக்கொள்வான். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆள்பிடி நிறுவனங்களின் விளம்பரங்களே அதற்குச் சாட்சியாக இருந்தன. விசாரணை என்றார்கள், அதிகாரிகள் போய் வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த செய்தி: இனி விளம்பரத்தில் வயசு, ஆண் பெண், கல்யாணம் எதையும் குறிப்பிடாதீர்கள், ஃபாக்ஸ்கான் பெயரையும் போடாதீர்கள் என்று ஆள்பிடி நிறுவனங்களுக்கு உத்தரவு போய்விட்டது. கல்யாணமான பெண்ணை இனி எடுப்பார்களா என்பதற்கு விளம்பரத்தைப் பார்த்து இனி யாரும் பதில் சொல்ல முடியாது. சாதி விசயத்தில் இந்தக் கெட்டிக்காரத்தனம் எப்போதோ வந்துவிட்டது. தில்லியில் ஆளெடுக்கும் மேலாளர்களைச் சந்தித்து சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் எழுதினார்கள்: எல்லோரும் தகுதி தகுதி என்றுதான் பேசினார்கள், பிறகு எல்லோரும் 'குடும்பப் பின்னணி' கேட்டார்கள். அப்பா என்ன பண்றாரு, சொந்த ஊரு எது, ஊர்ல எந்தப் பக்கம்? நமக்குப் பழக்கமான விசாரணைதானே, டீக்கடையிலிருந்து.

இந்த இடத்தில் என் பிழைப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. அந்த நாற்காலி ஒரு விளம்பரத்தால் வந்தது. வங்கித் தேர்வு அறிவிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாநிலம் வாரியாகக் கட்டம் போட்டிருக்கும், அதில் எஸ்.சி. என்று ஒரு கட்டம், அதற்குள் ஒரு எண். அந்த எண் யாருடைய தயவும் இல்லை. 1943இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்த அம்பேத்கர் மத்திய அரசு வேலைகளில் 8.33 சதவீதம் என்று வாங்கிக் கொடுத்ததிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. அந்த எண் அச்சில் இருப்பதால்தான் நான் எண்ணிப் பார்க்க முடிகிறது, குறைந்தால் கேட்க முடிகிறது. ஒன்றிய தேர்வாணையம் 2024 ஆகஸ்ட் 17 அன்று இணைச் செயலாளர் முதலான 45 பதவிகளுக்கு நேரடி நுழைவு விளம்பரம் கொடுத்தபோது அந்தக் கட்டமே இல்லை. நாடே கேட்டது. மூன்றாம் நாள் வாபஸ். இதே கட்டத்துக்குள் நம் கண்முன்னால் விளையாடுகிறார்கள் என்பதும் உண்மை: ஸ்டேட் வங்கியின் குமாஸ்தா முதல்நிலைத் தேர்வில் 2019இல் தமிழ்நாட்டுக்கு வெட்டு மதிப்பெண், எஸ்.சி.க்கும் பொதுப்பிரிவுக்கும் 61.25, 'பொருளாதாரத்தில் நலிந்த' உயர்சாதிக்கு 28.5. தகுதி பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் அன்றைக்கு லீவில் இருந்தார்கள்.

அந்தக் கட்டத்தை ஒழிக்க அவர்கள் இடஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. வேலையை ஒப்பந்தக்காரனிடம் கொடுத்துவிட்டால் போதும்; விளம்பரமே அவன் பாடு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் பதிமூன்று நாள் உட்கார்ந்து, நள்ளிரவில் போலீஸால் தூக்கிச் செல்லப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் இதைத்தான் எதிர்த்தார்கள்.

அதே மாதம் 4ஆம் தேதி தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டது. மூவாயிரத்துக்கு மேல் வேலை, உள்ளூர்க்காரர்களுக்கு என்று மேடையில் சொன்னார்கள். உள்ளூர் என்றால் எந்த உள்ளூர்? ஊரா, காலனியா? நிலம் அரசின் சிப்காட் தந்தது, சலுகை அரசு தந்தது. அப்படியானால் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அதில் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் எத்தனை பேர், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேட்கும் உரிமையும் அரசுக்கு இருக்கிறது. அது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு: வட அயர்லாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறைப்படி பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி தன்னிடம் கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டண்டு எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் 1966 முதல் இனவாரிக் கணக்குக் கொடுக்கின்றன. கணக்குக் கொடுத்ததால் அங்கே எந்த ஆலையும் இடிந்து விழவில்லை. தமிழக அரசே தனியார் வேலைகளுக்கென்று 2020இல் ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் விளம்பரம் போடும் நிறுவனத்திடம் இந்த நான்கு எண்களைக் கேட்பது அரசுக்கு ஓர் அரசாணை தூரம். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற நம் கோரிக்கைக்கு இது மாற்று இல்லை. அங்கே போய்ச் சேர்வதற்குக் கையில் வேண்டிய ஆதாரம். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு தீண்டாமையால் வேலையை மறுப்பதைக் குற்றம் என்கிறது. நிரூபிக்க எண் இல்லாததால் அது புத்தகத்திலேயே தூங்குகிறது.

வேலை கிடைத்துவிட்டால் சாதி ஓடிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. புன்னக்காயலிலிருந்து ஆற்றோடு மேலே போனால் ஏரலை அடுத்து ஆறுமுகமங்கலம். அந்த ஊர்ப் பிள்ளை சென்னையில் மென்பொருள் பொறியாளர், கைநிறையச் சம்பளம். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வைத்து, சாதி கடந்த காதலுக்காக அவரை வெட்டிக் கொன்றார்கள். அதனால் வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியுமா? உப்பளத்தில் நிற்கிறவனும் வெட்டுப்படுகிறான், பொறியாளரும் வெட்டுப்படுகிறார். இரண்டு இடத்திலும் நின்று சண்டை போடத்தான் வேண்டியிருக்கிறது.

இதழ்க் குழுவின் முடிவு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆறு மாதம் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கண்ணில் படும் வேலை விளம்பரங்களைத் திரட்டப் போகிறோம். மாணவத் தோழர்கள் தங்கள் செல்போனில் வரும் விளம்பரத்தைத் தேதியோடும் தளத்தின் பெயரோடும் படம் பிடித்து வையுங்கள். ஒரே விளம்பரம் ஊருக்குள் இருக்கும் நண்பனுக்கும் காலனியில் இருக்கும் உங்களுக்கும் வருகிறதா என்று ஒப்பிட்டுக் குறியுங்கள். எத்தனை விண்ணப்பம், எத்தனை அழைப்பு, நேர்முகத்தில் கேட்ட கேள்வி என்ன என்பதைக் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். பெயர் வெளியிட மாட்டோம். புன்னக்காயல், ஆத்தூர் பக்கத்துத் தோழர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பஸ் ஸ்டாப்புச் சுவரில் மில் நோட்டீசு ஒட்டியிருந்தால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். மறுநாள் அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.